வெட்டுக்கூலி

இரண்டு வருஷம் நான் சோப்புத்தூள் கூப்பன் விற்றுப் பிழைத்தேன். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் யாங்கோன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டைப் அடித்தேன். அப்பாவும் அந்த மாதிரி ஒரு ஆபீசில் இருந்தவர்தான். மிஷன் பள்ளியில் படித்த குடும்பம், கடிதம் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த குடும்பம் என்று சர்ச்சில் எங்களுக்கு ஒரு மரியாதை உண்டு. தொற்றுநோய் வந்தது. பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்து, நாடு போன போக்கில் கப்பல் வருவது குறைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டு நின்றபடியே விஷயத்தைச் சொல்லி ஆபீசைப் பூட்டினார்கள். எனக்கு நாற்பத்தேழு வயது. அந்த வயதில் டைப் அடிக்கத் தெரியும் என்று போய் நின்றால் ஆபீசில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் கிரேன் ஓட்டியவர். நுரையீரல் கெட்டு வேலையை விட்டுவிட்டார். எங்கள் வீடு மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு கட்டடத்தில் நாலாவது மாடி. வெயில் காலத்தில் மதியம் கரண்ட் போய்விட்டால் கூரையின் சூடு கீழே இறங்கும். அவர் நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயால் மூச்சு விடுவார். நான் அட்டையால் விசிறிக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சோப்புத்தூள் கம்பெனி பரிசு அறிவித்தது. பெரிய பாக்கெட் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கூப்பன் ஒட்டியிருக்கும். இருபது கூப்பன் கொடுத்தால் எவர்சில்வர் டிபன் கேரியர், நாற்பது கொடுத்தால் சார்ஜ் போடுகிற மின்விசிறி. அந்த மின்விசிறிதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. கரண்ட் வருகிற நேரத்தில் சார்ஜ் போட்டு வைத்தால் போன நேரத்தில் ஓடும். நாற்பது பெரிய பாக்கெட் சோப்புத்தூள் ஒரு வீட்டில் தீர மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதைக் கம்பெனிக்காரன் கணக்குப் போடாமலா இருந்திருப்பான்?

எங்கள் தெருவில் ஒரு சலவைக் கடை இருக்கிறது. பர்மியக்காரர், நல்ல மனிதர். அவர் கடை வாசலில் காலி பாக்கெட்டுகள் கூப்பனோடு குப்பையில் கிடப்பதைப் பார்த்து, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"எடுத்துக்கோங்க அமா. நான் அதை வெச்சு என்ன பண்ணப் போறேன்?" என்றார். அமா என்றால் அக்கா. நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு இந்த ஊரில் எல்லோரும் கொடுக்கிற பட்டம்.

மூன்று வாரத்தில் நாற்பது சேர்ந்தது. மின்விசிறி வீட்டுக்கு வந்த முதல் மதியம் என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து தூங்கினார். அவர் சாய்ந்து தூங்கி நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

இரண்டாவது மாடியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை இருந்தார். மின்விசிறியைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு செட் சேர்த்துக் கொடுங்க அமா. சும்மா வேண்டாம், காசு தர்றேன்" என்றார். இனாமாகக் கிடைத்ததை விற்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கூப்பனின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்றும் போட்டிருந்தது. ஆனால் நான் ஆபீஸில் வளர்ந்தவள். சொல்லை மாற்றிப் போட்டால் காரியமே மாறிவிடுகிற அதிசயத்தை இருபத்திரண்டு வருஷம் பார்த்தவள். கூப்பனுக்கு நான் ஒன்றும் வாங்குவதில்லை. தேடி எடுத்து, வெட்டி, சுத்தம் செய்து, நாற்பது நாற்பதாக அடுக்கித் தருகிற உழைப்புக்குக் கூலி வாங்குகிறேன் என்று ஒரு வாக்கியம் செய்தேன். அதற்கு வெட்டுக்கூலி என்று பெயர் வைத்தேன். போனில் ஒரு குரூப் ஆரம்பித்து, அதன் தலையிலேயே பர்மியத்தில் இதைப் போட்டேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரே மாதத்தில் குரூப்பில் முன்னூறு பேர் சேர்ந்தார்கள்.

இவ்வளவு கூப்பன் எங்கிருந்து கிடைக்கிறது என்று பிறகு பலர் கேட்டார்கள். தொழில் ரகசியம் என்று சிரித்து மழுப்புவேன். ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு வீடு மாதத்துக்கு ஒரு பாக்கெட் வாங்கும். ஒரு சலவைக் கடை ஒரே நாளில் இரண்டு பாக்கெட் தீர்க்கும். தையல் ஆலையில் வேலை செய்கிற பெண்களின் ஹாஸ்டல், விருந்தினர் விடுதி, மேஜை துடைக்கிற துணியை மூட்டையாகத் துவைக்கிற டீக்கடை, இப்படி எங்கே சோப்புத்தூள் மொத்தமாகப் போகிறதோ அங்கே போய் நின்றேன். யாருக்கும் அந்தக் காகிதம் தேவைப்படவில்லை. ரயில் பாதை ஓரத்தில் பிளாஸ்டிக் பொறுக்கித் தரம் பிரிக்கிற பெண்கள் இருந்தார்கள். அவர்கள் சாக்கில் கொண்டுவருவது ஈரமாக, அழுகிய காய்கறி நாற்றத்தோடு இருக்கும். அதைப் பேசினில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவைப்பேன். காய்ந்ததும் அப்பாவின் பழைய அகராதிக்குள் வைத்து அழுத்துவேன். டைப் அடித்த விரல்கள் சோப்புக் காரத்தில் வெடித்தன.

ஆனால் எனக்குச் சீராகக் கூப்பன் கொடுத்தது லாத்தாதான். எங்களுக்கு அடுத்த தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிற தமிழ் முஸ்லிம் பெண்மணி. ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா காலத்தில் வந்தவர்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் பிள்ளையாக இருந்ததிலிருந்து அவரை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுகிறேன். இந்தத் தெருக்களில் பெரிய பாக்கெட் வாங்க முடிகிறவர்கள் குறைவு. லாத்தா பெரிய பாக்கெட்டை உடைத்து, சின்னச் சின்ன பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுச் சில்லறையாக விற்பார். கூப்பன் அவருக்கு மிஞ்சும். முழு நியாயமாக அவருடையது. அதை ஒரு பால்பவுடர் டின்னில் எனக்காகப் போட்டுவைப்பார். நான் ஏதாவது கொடுக்கப் போனால், "நீ எனக்கு எத்தனை ஃபாரம் நிரப்பிக் குடுத்திருக்கே புள்ள, அதுக்கு நான் குடுத்தேனா?" என்று கையைத் தள்ளிவிடுவார்.

இரண்டாவது வருஷம் பங்குனி வெயிலில் ஆர்டர் குவிந்தது. என்னால் சேர்க்க முடியவில்லை. அப்போதுதான் என் தங்கையின் புருஷன் வந்தார். அந்தச் சோப்புத்தூள் கம்பெனியின் கிடங்கில் அவர் சூப்பர்வைசர். மேஜைமேல் ஈரக் கூப்பன்கள் பரப்பியிருந்ததைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் அக்கா குப்பையைக் கழுவிக்கிட்டு இருக்கீங்க? எங்ககிட்டச் சொன்னா ஆகாதா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் ஒரு துணிப்பை கொண்டுவந்தார். ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள். காய்ந்து, தட்டையாக, நாற்றமில்லாமல் இருந்தன. என் பேசினும் ஜன்னலும் ஒரு நாளில் ஓய்வு பெற்றன.

"இதெல்லாம் எங்கேயிருந்து தம்பி?"

"டேமேஜ் ஆன பாக்கெட் அக்கா. நனைஞ்சு கட்டியாப் போயிடும். கூப்பன் மட்டும் எடுத்துட்டு மிச்சத்தைத் தள்ளிடுவோம்."

"இத்தனையா நனையுது?"

"மழைதானே."

ஆறு மாதமாக ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. நான் தலையை ஆட்டினேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கிடைப்பதில் பாதி அவருக்கு என்று பேசிக்கொண்டோம்.

அந்தக் கூப்பன்களின் பின்பக்கத்தில் காய்ந்த பசையும், பசையோடு பாக்கெட்டின் நீல நிறம் ஒரு மெல்லிய தோலாகவும் ஒட்டியிருக்கும். நனைந்து கட்டியாகிப்போன பாக்கெட்டில் அப்படி உரியாது. புதுப் பாக்கெட்டில் அவசரமாகப் பிய்த்தால்தான் அப்படி வரும். குப்பையில் ஊறிய ஆயிரக்கணக்கான கூப்பன்களைப் பிரித்தவள் நான், எனக்கு இது தெரியாதா? அந்த நீலத் தோலை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, நாற்பது நாற்பதாக அடுக்கி அனுப்பினேன். வெட்டுக்கூலி வாங்கினேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரும் கேட்கவில்லை. மருந்து தடங்கலில்லாமல் வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலை லாத்தா என்னைக் கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கியாக்தானுக்கு ஒருநாள் என்கூட வர்றியா புள்ள? சின்னவ ரொம்ப அழுறா."

சின்னவள் அவருடைய கடைசித் தங்கை. நாற்பது வயது இருக்கும். புருஷன் மலேசியாவுக்கு வேலைக்குப் போய், போன் நம்பரை மாற்றிக்கொண்டு, அங்கேயே தங்கிவிட்டார். பிள்ளை கிடையாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கியாக்தானில், மார்க்கெட்டுக்குப் பின்னால், மாமனார் விட்டுப்போன ஒரு சின்னக் கடையைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு லாத்தா?"

"அவ கடையில விக்கிற சோப்புத்தூள்ல கூப்பன் இல்லையாம். இவ எடுத்து விக்கிறான்னு ஊரே பேசுது. உனக்குத்தான் இந்தக் கூப்பன் விவரமெல்லாம் தெரியுமே. வந்து பார்த்து, என்ன ஏதுன்னு சொல்லேன்."

போகாமல் இருக்க நான் ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறினோம். தன்லின் பாலம் தாண்டும்போது லாத்தா பையிலிருந்து வேகவைத்த சோளம் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் சாப்பிடுகிறேன் என்று என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கியாக்தானில் ஆற்று நடுவில் இருக்கிற பகோடாவுக்குப் போகிற படகுத்துறையிலிருந்து பத்து நிமிஷ நடை. கடையின் பாதிக் கதவுதான் திறந்திருந்தது. மூடியிருந்த பாதியில் கரிக்கட்டியால் 'கலா திருட்டுக் கடை' என்று பர்மியத்தில் எழுதி, யாரோ ஈரத் துணியால் துடைத்து, பாதி அழிந்திருந்தது. கலா என்று எங்களைத்தான் சொல்வார்கள், இந்தியாவிலிருந்து வந்தவர்களை. சொல்கிற வாயைப் பொறுத்து அது வெறும் பேராகவும் இருக்கும், எச்சில் துப்புவதாகவும் இருக்கும். கரிக்கட்டியால் எழுதினால் எது என்று கேட்கத் தேவையில்லை.

சின்னவள் எங்களைப் பார்த்ததும் அழவில்லை. உட்கார முக்காலி எடுத்துப் போட்டாள். டீ வைத்தாள். கடையில் நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு ஆள் வந்தார், கருவாடு விற்கிற ஒரு பர்மியப் பெண். கன்னத்தில் தனகா மரப்பட்டைக் குழம்பு பூசி, தலையில் காலித் தட்டோடு வந்தவள், இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். பைக்குள் கூப்பன்கள். பக்கத்தில் ஒரு புதுப் பாக்கெட்டை வைத்தாள்.

"முப்பத்தாறு வெச்சிருக்கேன். நாலு பாக்கெட் வாங்கினேன். நாலுலயும் இல்லை. நீயே பாரு" என்றாள் பர்மியத்தில். குரலை உயர்த்தவில்லை. "எங்க அம்மா படுத்த படுக்கையா இருக்கு. காத்தாடி வந்துரும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"பெட்டி ஒட்டினபடியேதான் எனக்கு வருது அக்கா" என்றாள் சின்னவள். "உங்க முன்னாலேயே பிரிச்சுக் காட்டுறேன்னு சொன்னேனே."

"திரும்ப ஒட்டத் தெரியாதா?"

லாத்தா பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். முதுகில் கூப்பன் இருக்க வேண்டிய இடத்தில் நீல நிறம் உரிந்து, வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. அந்த நீலத் தோலை என் நகம் சுரண்டிப் போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. யாங்கோனுக்குள் கடைக்காரர்கள் கம்பெனிக்குப் போன் செய்து சண்டை போடுவார்கள். அதனால் கியாக்தான், மாவ்பி மாதிரி வெளியூருக்குப் போகிற பெட்டிகளாகப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது.

"நீ சொல்லு புள்ள. இது எப்படி ஆகும்?" என்றார் லாத்தா.

மூன்று பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"கம்பெனியிலேயே சில பெட்டிக்கு ஒட்டாம விட்டுப்போகும் லாத்தா. மெஷின் தப்பு" என்றேன். அதையே பர்மியத்திலும் சொன்னேன்.

கருவாட்டுக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயும் கலா. நீ வேற என்ன சொல்லுவே?" என்று சொல்லிவிட்டுக் கூப்பன் பையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். பாக்கெட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் லாத்தா என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். மெஷின் தப்பு என்று தெரிந்ததில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. நான் அசையாமல் உட்கார்ந்து வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை புருஷன் பையோடு வந்தபோது, வாசல்படியிலேயே நிறுத்திக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"உங்களுக்குத் தெரியும்னுதானே அக்கா நான் நினைச்சேன். நீங்க என்ன சின்னப் பிள்ளையா?"

"ஒரு பொம்பளை கடை போகப் போகுது தம்பி."

"கடைக்காரங்க எல்லாருமே எடுப்பாங்கன்னு ஜனங்களுக்குத் தெரியும். ரெண்டு நாள் கத்துவாங்க, மறந்துடுவாங்க." பிறகு குரலைத் தணித்து, "இது வெளிய வந்தா முதல்ல யாரைக் கேப்பாங்க? குரூப் யார் பேர்ல இருக்கு?" என்றார்.

மிரட்டினாரா, யோசனை சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பையை அவர் திரும்ப எடுத்துப் போகவில்லை. நானும் எடுத்துப் போ என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். என்னிடம் இருந்த கூப்பன் அத்தனையும், அறுநூறுக்கு மேல் இருக்கும், ஒரு பிஸ்கெட் டின்னில் அடுக்கி லாத்தாவிடம் கொண்டுபோனேன்.

"இதைச் சின்னவகிட்ட அனுப்புங்க லாத்தா. யார் யாருக்குக் குறையுதோ அவங்களுக்குக் குடுக்கட்டும். கம்பெனி ஆள் வந்து குடுத்துட்டுப் போனாருன்னு சொல்லட்டும்."

லாத்தா டின்னைத் திறந்து பார்த்தார். எவ்வளவு உழைப்பு என்று அவருக்குத் தெரியும். என் வெடித்த விரல்களைப் பார்த்தவர். கண் கலங்கி என் தலையில் கை வைத்து, "அல்லா உனக்குக் குறைவில்லாமக் குடுப்பான் புள்ள" என்றார். அந்தக் கையை நான் தலையில் தாங்கிக்கொண்டு நின்றேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. யாரையும் காட்டிக்கொடுக்காமல், யாருக்கும் நஷ்டமில்லாமல், காரியத்தைச் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சின்னவள் சொன்னபடி செய்தாள். கூப்பன் இல்லாத பாக்கெட் வாங்கியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தாள். கருவாட்டுக்காரிக்கு நாலுக்குப் பதில் ஆறு கொடுத்தாளாம். எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே ஊர் கேட்டது, இத்தனை கூப்பன் இவளுக்கு எங்கிருந்து வந்தது? கம்பெனி ஆள் வந்ததை யார் பார்த்தது? ஒருவரும் பார்க்கவில்லை. இத்தனை நாள் எடுத்து ஒளித்துவைத்திருந்ததைப் பயந்துபோய் வெளியே எடுத்திருக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டார்கள். அதுவரை சந்தேகமாக இருந்ததற்கு நான் ஒரு டின் நிறைய சாட்சி அனுப்பியிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை கடையைத் திறக்கும்போது கல் விழுந்தது. முதல் கல் கண்ணாடி ஜாடியில் பட்டது. அடுத்தது அவள் முழங்கையில். கூப்பன் வாங்கிக்கொண்டவர்களும் அங்கே கூட்டத்தில் நின்றார்கள். வார்டு ஆபீஸ் ஆள் வந்து கூட்டத்தைக் கலைத்துவிட்டு, அவளுடைய பாதுகாப்புக்காகக் கொஞ்ச நாள் கடையைப் பூட்டி வைக்கச் சொன்னார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவள் கேட்பதற்குள் அவர் சைக்கிளில் ஏறிவிட்டார். இரண்டு பையோடு பஸ் ஏறி லாத்தா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

முழங்கையில் கட்டோடு அவளைப் பார்த்த அன்று மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, லாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை புருஷன் கொண்டுவந்தது, நீலத் தோல், மெஷின் தப்பு என்று நான் சொன்ன பொய், எல்லாம். லாத்தா பருப்பு கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடிக்கிற வரைக்கும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு, "இதை அப்படியே எழுதிக் குடு" என்றார்.

"என்ன லாத்தா?"

"நீ நல்லா எழுதுவியே. இப்ப என்கிட்டச் சொன்னதை பர்மியத்துல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு. சின்னவ கொண்டுபோய் வார்டு ஆபீசுல காட்டட்டும். கடைக்கு முன்னால ஒட்டட்டும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபோது அந்த எண்ணம் உண்மையாகத்தான் இருந்தது. அதற்குள் தங்கைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. போனில் அழுதாள். "ரெண்டு பிள்ளைங்க இருக்கு அக்கா. இப்ப இருக்கிற நிலைமையில அவரைப் பிடிச்சிட்டுப் போனா திரும்பி வருவாரா? நீயே சொல்லு" என்றாள். ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. லாத்தா கேட்கவில்லை. நான் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன்.

ஒரு மாதம் கழித்து எழுதினேன். ஆயிரக்கணக்கான கடிதம் அடித்த கைக்கு அந்த ஒரு பக்கம் எழுத நாலு நாள் ஆனது. ஆபீஸ் நடை ஒன்று இருக்கிறது, செய்தவன் யார் என்று சொல்லாமலே காரியத்தைச் சொல்லி முடிக்கிற நடை. சரக்கு தாமதமாக அனுப்பப்பட்டது, ஆவணம் தவறவிடப்பட்டது என்று முதலாளிக்காக எத்தனையோ முறை அந்த நடையில் எழுதியிருக்கிறேன். அதே நடையில், கடைக்கு வந்து சேருமுன்பே பாக்கெட்டுகளிலிருந்து கூப்பன்கள் அகற்றப்பட்டிருந்ததாகத் தெரியவருகிறது, கடைக்காரருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்குக் கீழே முகவரி போடவில்லை.

லாத்தா வாங்கி, சின்னவளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவள் பர்மியப் பள்ளியில் படித்தவள். நின்றபடியே ஒரு தடவை படித்தாள். மறுபடி ஒரு தடவை படித்தாள்.

"யார் எடுத்தாங்கன்னு இதுல இல்லையே அக்கா" என்றாள்.

நான் லாத்தாவைப் பார்த்தேன். லாத்தா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டினா முதல்ல அதைத்தானே கேப்பாங்க? நீங்க யாருன்னு கேப்பாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே என்னிடம் யோசனை கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, காகிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அந்த ஒரு பெயரை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அப்போதும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது.

கூப்பன் திட்டம் அந்த மழைக்காலத்தோடு முடிந்தது. அதற்கு முன்பே குரூப்பை மூடிவிட்டேன். இப்போது ஒரு வழக்கறிஞரின் வீட்டில் காலை நேரம் காகிதங்கள் அடுக்கிக் கொடுக்கிறேன். கியாக்தான் கடையை யாரோ வாங்கி, போன் ரிப்பேர் கடை போட்டிருக்கிறார்களாம். சின்னவள் ஒரு ஏஜெண்ட் மூலமாகத் தாய்லாந்துக்குப் போய், மீன் ஆலை ஒன்றில் இறால் உரிக்கிறாள். இதை எனக்கு லாத்தா சொல்லவில்லை. தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர் சொன்னார். மறுநாள் பருப்பு வாங்கப் போனபோது, "சின்னவ நல்லா இருக்காளா லாத்தா?" என்று கேட்டேன்.

"இருக்கா" என்றார். பருப்பைக் கட்டினார். முன்பெல்லாம் கட்டிய பிறகு ஒரு பிடி கூடப் போடுவார். இப்போது அளவாகக் கொடுக்கிறார். என்னைப் புள்ள என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினார் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தக் கடிதத்துக்கு முன்பா, பின்பா, நினைவில்லை.

போன கிறிஸ்மஸுக்குத் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். அவளுடைய புருஷன் கிடங்கு மேனேஜர் ஆகிவிட்டார். வரும்போது பெரிய கேக் ஒன்று வாங்கி வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் மூச்சுக் கஷ்டத்தைப் பற்றிப் பரிவாக விசாரித்தார். தெரிந்த டாக்டர் ஒருவரின் நம்பர் கொடுத்தார். பிள்ளைகள் பர்மியத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தன. நான் அடுப்படியில் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து அவரே ஒரு தட்டில் கேக் வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க அக்கா. நமக்கு நாமதானே? எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டேன்.